ஜீரோ அண்ணன் எடுத்த நான்கு நாள் லீவு

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஜீரோ அண்ணன்தான். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதால் அதை யாரும் படித்ததில்லை.

நாங்கள் விற்பது வாஷ்பேசின், கழிப்பறைக் கிளாசெட், மூடி, குழாய். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் உண்டு. புதிய சாமான்களின் எண்கள் பாதிக்கு மேல் பூஜ்யத்தில்தான் ஆரம்பிக்கும். கணக்கு மென்பொருளிலிருந்து அன்றைய ஆர்டர்களை ஒரு ஃபைலாக இறக்கி, அதை நேராகக் கணினியின் கட்டம் போட்ட ஷீட்டில் திறந்தால், திறந்த கணமே முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போய்விடும். 00417 என்பது கை கழுவும் பேசின். வெறும் 417 என்பது பழைய கணக்கில் கிளாசெட் மூடி. ஒரு முறை பேசின் கேட்ட கடைக்கு அறுபது மூடி போய்ச் சேர்ந்தது. "வெறும் மூடிய வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது, தலையில கவுத்துக்கவா?" என்று கடைக்காரர் போனில் கேட்டார். அதற்குப் பிறகு யாராவது அந்த ஃபைலை அவசரமாகத் திறந்தால், "ஜீரோ போச்சு! ஜீரோ போச்சு!" என்று மூலை மேஜையிலிருந்து குரல் வரும். அடுப்பில் பால் பொங்கியதைப் பார்த்தவர் மாதிரி பாதி எழுந்து நிற்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

எனக்கு அவருக்குப் பக்கத்து மேஜை. எந்தச் சாமான் எந்த லாரியில், எத்தனை மணிக்கு என்று பிரித்துவிடுவது என் வேலை. அவர் பில் போடாமல் என் லாரி கேட்டைத் தாண்டாது. அதனால் நான்கு வருஷமாக என் காலை நேரம் முழுக்க அவர் முதுகைப் பார்த்தபடிதான் கழிந்திருக்கிறது. லேசாக இடது பக்கம் சாய்ந்த முதுகு. நாற்காலியில் ஒரு திண்டு இருக்கும். பல நிறத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அண்ணி தைத்துக் கொடுத்தது.

பில் என்றால் முன்போல கையால் கிழித்துக் கொடுக்கிற தாள் இல்லை. அரசாங்கத்தின் வரித் தளத்தில் ஒவ்வொரு பில்லையும் ஏற்ற வேண்டும். தளம் அதைச் சரிபார்த்து ஒரு நீளமான எண்ணும் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரமும் திருப்பித் தரும். அந்தச் சதுரம் அச்சான தாள் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. ஏற்றியதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. தப்பென்றால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மொத்தமாக ரத்து செய்யலாம், அவ்வளவுதான். ஒரு பில்லுக்கு நாற்பத்து மூன்று கட்டங்கள். ஒரு நாளைக்கு அறுபது பில். அண்ணன் ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டிருப்பார். வெளியே டிரைவர்கள் ஹாரனில் கைவைத்தபடி தூங்குவார்கள். கடைசி லாரி கிளம்ப மதியம் மூன்றாகும். அதன் பிறகு அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். அதற்குள் சாப்பாடு அவரைவிடக் களைத்துப் போயிருக்கும்.

அண்ணியை நான் அப்போது பார்த்ததில்லை. ஊசிகளைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

அண்ணி வீட்டிலிருந்தே ஒரு துணிக்கடைக்கு வேலை செய்கிறார். விளிம்பு மடிப்பது, ஹூக்கு வைப்பது, பட்டன் தைப்பது, எல்லாம் கைத்தையல். இரண்டு வருஷமாக இரண்டு கண்ணிலும் புரை. துணியைத் தடவித் தைத்துவிடுவார். விரலுக்குப் பழக்கம் இருக்கிறது. ஊசியில் நூல் கோக்க மட்டும் முடியாது. அதனால் அண்ணன் தினமும் காலையில் கிளம்புவதற்கு முன் இருபது ஊசிகளில் நூல் கோத்து, ஒரு பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்திவைத்துவிட்டு வருவார். பத்து வெள்ளை, நான்கு கறுப்பு, மீதி அன்றன்றைக்கு வரும் துணியின் நிறத்தைப் பொறுத்து. இருபதும் தீர்ந்துவிட்டால் அவர் திரும்பி வரும்வரை அண்ணி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பக்கத்து வீட்ல யாரையாவது கோத்துத் தரச் சொல்லலாமேண்ணே" என்று ஒரு நாள் கேட்டேன். நான் அவரிடம் கேட்ட மிகச் சில கேள்விகளில் அது ஒன்று.

"கேக்க மாட்டா தம்பி. ரெண்டு வீடு தள்ளி ஒருத்தங்ககிட்ட ஒரு தடவ கேட்டா. அவங்க கோத்துக் குடுத்துட்டு, 'பாவம், கண்ணு போச்சா'ன்னாங்களாம். அன்னைல இருந்து இருபது."

ஆபரேஷனுக்கு மூன்று முறை நாள் குறித்தார்கள். முதல் முறை வருஷக் கணக்கு முடிக்கும் சமயம். இரண்டாவது முறை அண்ணனுக்குத் துணையாக இருந்த பில்லிங் பையன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மூன்றாவது முறை வரித் தளம் கட்டங்களின் வரிசையை மாற்றிவிட்டது. மூன்று முறையும் மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போட்டவர் அண்ணன்தான். மூன்றாவது முறை போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் பேசிய நர்ஸ் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவர். "இன்னும் தள்ளினீங்கன்னா இறுகிப் போயிடும் சார். அப்புறம் டாக்டரத் திட்டக் கூடாது" என்றது எனக்கே கேட்டது. அண்ணன் "சரிங்க சரிங்க" என்று ஏழு தடவை சொன்னார். போனை வைத்துவிட்டு நாற்பத்து மூன்றாவது கட்டத்தை நிரப்பினார்.

ஆபரேஷன் ஒரு மணி நேர வேலைதான். காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம். சிக்கல் அதன் பிறகுதான். நான்கு நாளைக்கு இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். அண்ணி குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது. வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஒரே மகன், வேலை கடல் தாண்டி.

"நாலு நாளா?" என்றார் முதலாளி. "நாலு நாள் பில்லு யார் போடுவா? லாரியெல்லாம் பட்டினி கெடக்குமேங்க." கெட்டவர் இல்லை அவர். வாடிக்கையாளர் ஒருவர்கூட முகம் சுளிக்கக்கூடாது என்கிற பயம் உள்ள மனிதர், அவ்வளவுதான். "உங்க வேலைய வேற யாராவது செய்ய முடியும்னு காட்டுங்க, நான் நாளைக்கே லீவ் தர்றேன்" என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. அண்ணன் அதைக் கையெழுத்துப் போட்ட பத்திரமாக எடுத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று மாதம் அவர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சாப்பிட்டார். மறு கையால் ஷீட் செய்தார்.

முதல் பக்கத்தில் ஆர்டர் ஃபைலை இழுத்துக்கொள்ள ஒரு பச்சைப் பொத்தான். அது பூஜ்யங்களை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கும், அதனால் தொலையாது. இரண்டாம் பக்கம் அவற்றைத் தளம் கேட்கிற வரிசையில் தானாக நாற்பத்து மூன்று கட்டங்களில் அடுக்கிக்கொள்ளும். தப்பு இருந்தால் மூன்றாம் பக்கம் சிவக்கும். எல்லாம் சரியென்றால் நீலப் பொத்தான். ஒரே ஃபைலாக வெளியே வரும், அதைத் தளத்தில் ஏற்றினால் அறுபது சதுரமும் ஒன்றாகத் திரும்பி வந்துவிடும்.

கடினமாக இருந்தது பொத்தான்கள் இல்லை, நான்காவது பக்கம். அதுவரை அவர் தலைக்குள் மட்டும் இருந்ததெல்லாம் அங்கே இறங்க வேண்டும். இந்தக் கடை போன வருஷம் இடம் மாறியது, ஆனால் ஆர்டரில் இன்னும் பழைய விலாசமே வரும். இந்தப் பெயரில் அண்ணன் தம்பி இருவர் கடை வைத்திருக்கிறார்கள், பேச்சுவார்த்தை இல்லை, ஒருவர் பில்லில் இன்னொருவர் எண் விழுந்தால் அவ்வளவுதான். இப்படி இருநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பார். மண்டைக்குள்ளிருந்து ஒரு சாமான் இறக்கப்பட்ட மாதிரி இருக்கும் அவர் முகம். லேசாகிவிட்டதா, காலியாகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வாடிக்கையாளர் வேண்டும். நிஜக் கடையின் பெயரைப் போட்டுத் தவறுதலாக ஏற்றிவிட்டால் வம்பு. தளம் ஒப்புக்கொள்ளப் பதிவு எண்ணும் தேவை. அண்ணி தையலுக்காகத் தன் பெயரில் எப்போதோ வாங்கி உபயோகிக்காமல் வைத்திருந்த ஒரு பதிவு எண் இருந்தது. அண்ணன் அதைப் போட்டார். விலாசத்துக்குத் தன் வீடு. சாமான் 00417, எண்ணிக்கை முப்பத்தாறு. முதல் வரிசைக்குச் சாம்பல் நிறம் பூசி, அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார்.

"எதுக்குண்ணே வீட்டு அட்ரஸ்?" என்று குடோன் மேஸ்திரி கேட்டார்.

"தப்பாப் போனா என் வீட்டுக்கே போகட்டும். அடுத்தவன் ஏன் கஷ்டப்படணும்?"

மேஸ்திரிதான் நான்கு நாள் பில் போடப் போகிறவர். வேறு ஆள் இல்லை. எனக்கு லாரிகளைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. மேஸ்திரி மௌஸை முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தார். "நாப்பது கிலோவத் தோள்ல தூக்கறவன்ண்ணே நான். இந்தச் சனியன் கையில நிக்க மாட்டேங்குதே" என்றார். முதல் வாரத்திலேயே கை தவறி நான்காவது பக்கத்தின் பாதியை அழித்துவிட்டார். அண்ணனின் மூன்று மாதச் சாப்பாட்டு நேரத்தில் பாதி. அண்ணன் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பிரதி ஒன்று தனியாக எடுத்துவைத்திருந்ததைக் காட்டினார். அன்றிலிருந்து அவருடைய பாடம் ஒன்றே ஒன்றாகிவிட்டது.

"மேஸ்திரி, எதையும் அழிக்காதீங்க. செவப்பாச்சுன்னா மூடிட்டு, இந்த ஃபோல்டர்ல இருந்து புதுப் பிரதி எடுத்து மொதல்ல இருந்து ஓட்டுங்க. என்ன ஆனாலும் எதையும் அழிக்காதீங்க."

"அழிக்கலண்ணே."

"எதையும்."

"எங்க வீட்டுச் சாமி மேல சத்தியமா அழிக்கலண்ணே. வாங்க, டீ சாப்பிடலாம்."

நான்காவது முறை குறித்த நாளில் அண்ணிக்கு ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கான ஷீட்டை முந்தின நாளே அண்ணன் தன் கையால் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தார். சாம்பல் வரிசையையும் நீக்கிவிட்டுத்தான். மேஸ்திரி பச்சையை அமுக்கினார், காத்திருந்தார், நீலத்தை அமுக்கினார். பத்தேகாலுக்கு அறுபத்திரண்டு பில்லும் அச்சாகிவிட்டன. பதினொரு மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு லாரிகூட இல்லை. காலியான தெருவைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அண்ணன் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை மேஸ்திரி, "எல்லாம் போயாச்சு, நீங்க போய் அண்ணியப் பாருங்க. வெச்சிடுங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் மிடுக்குகூட ஏறியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் மூன்றாம் பக்கம் சிவந்தது. ஏதோ ஒரு புதுக் கடையின் எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. மேஸ்திரி சொன்னபடியே செய்தார். மூடினார். ஃபோல்டரிலிருந்து புதுப் பிரதி எடுத்தார். கடைக்குப் போன் செய்து சரியான எண்ணை வாங்கிப் போட்டார். சிவப்பு போய்விட்டது. புதுப் பிரதியின் தலைமாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு வரிசை இருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எதையும் அழிக்கவில்லை.

அந்தப் பில் என் மேஜைக்கும் வந்தது. சாம்பல் வரிசை பற்றி எனக்கு அப்போது தெரியாது. ஏதோ ஒரு தையலகம், பேசின் முப்பத்தாறு. தையலகத்துக்கு எதற்கு இத்தனை பேசின் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றுவதையெல்லாம் எழுந்து போய்க் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. தெற்குப் பக்கம் போகும் லாரியில் இடம் இருந்தது. போட்டுவிட்டேன்.

பதினொன்றரை மணிக்கு டிரைவர் கூப்பிட்டார்.

"என்னங்க, அட்ரஸ் சரிதானா? சந்து மாதிரி இருக்கு. வீடுதான் இருக்கு, கடையக் காணோம்."

"போர்டு இருக்கா பாருங்க."

"போர்டு இல்ல. கதவத் தட்டி எட்டு பேசின் எறக்கியும் வெச்சாச்சு. இப்பத்தான் ஆள் வெளிய வர்றாரு. இருங்க..."  பிறகு டிரைவரின் குரல் தாழ்ந்தது. "ஏங்க, இது நம்ம ஜீரோ அண்ணன்ங்க."

மேஸ்திரியின் முகம் நாங்கள் விற்கும் பேசின் நிறத்துக்கு வந்துவிட்டது. "நான் அழிக்கல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். ஏற்றிய பில்லை ரத்து செய்ய வேண்டும், ரத்து செய்யும் பக்கத்தை இதுவரை அண்ணனைத் தவிர யாரும் திறந்ததில்லை, அதற்கான ரகசிய எண்ணும் அண்ணனின் போனுக்குத்தான் வரும். ஷீட்டில் எல்லாவற்றுக்கும் பொத்தான் இருந்தது, இதற்கு இல்லை.

"ஒரு மணி நேர வேலை" என்றார் முதலாளி, என்னைப் பார்த்து. "உன் வண்டிய எடுத்துட்டுப் போ. கையோட கூட்டிட்டு வந்துடு. முடிச்சதும் நீயே கொண்டு போய் விட்ரு." பிறகு, "நைசாச் சொல்லு" என்றார். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு சிக்னலைத் தாண்டினேன்.

சந்தின் வாயை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. வாசலில் எட்டு வாஷ்பேசின்கள் வெயிலில் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கால் வைத்து உள்ளே போனேன்.

சின்னக் கூடம். ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அண்ணி தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி மடியில் இருந்தது. அண்ணன் அவர் கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, மருந்துப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தபடி நின்றார்.  சொட்டு விழுந்தது. நிலைக்கதவின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான்கு நாள், நாளுக்கு எட்டு வேளை, வேளைக்கு இரண்டு மருந்து, இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, விட்டு முடித்ததற்கெல்லாம் டிக். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மாதிரி வரிசைகூட இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்தும் பார்க்காமலும். "ரெண்டாவது மருந்து இருக்கு."

அந்த ஐந்து நிமிஷமும் எல்லோரும் நின்றோம். டிரைவர் வாசற்படியில், நான் செருப்போரம், அண்ணன் கடிகாரத்துக்கு எதிரே. மேஜை மேல் அவருடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. தையல் மேஜையில் பஞ்சுத் திண்டு இருந்தது. அதில் இருபது ஊசிகளும் நூலோடு அப்படியே நின்றன. இந்த நான்கு நாளும் அண்ணி தைக்கக்கூடாது என்பது அவருக்கு மறந்துவிட்டதா, அல்லது காலையில் கை தானாகச் செய்துவிட்டதா என்று தெரியவில்லை.

"யாரு வந்திருக்கா?" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமல்.

"நம்ம டிரான்ஸ்போர்ட் தம்பி."

"உக்காருங்க தம்பி. வாசல்ல என்ன சத்தம்? டிரைவர் என் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சே."

அண்ணன் கடிகாரத்தையே பார்த்தார். டிரைவர் தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டார். "உங்க பேருக்குத்தான்மா பில்லு. முப்பத்தாறு வாஷ்பேசின்."

அண்ணி விரல்விட்டு எண்ணினார். "இருபத்திரெண்டு வருஷத்துல இவரு என் பேருக்கு அனுப்பின மொத சாமான்" என்றார். "அதுல ஒண்ணாவது வெச்சுக்கலாமா? நம்ம வீட்டு பேசின்ல விரிசல் விட்டுருக்கு."

டிரைவர் குனிந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தார் என்று நினைக்கிறேன். தோள் மட்டும் அசைந்தது. இரண்டாவது மருந்தை விட்டார், கண் மூடியை வைத்து ஒட்டினார், தாளில் டிக் போட்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கூட்டிட்டு வரச் சொன்னாரா?"

நான் தலையசைத்தேன். 

"எவ்ளோ நேரமாம்?"

"ஒரு மணி நேரம்னு சொன்னாருண்ணே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். போக அரை மணி, வர அரை மணி, அங்கே ஒரு மணி. அடுத்த வேளை இரண்டு மணிக்கு. கணக்குப் போட்டால் சரியாக வரும். போக்குவரத்தில் மாட்டாமல் இருந்தால், முதலாளி வேறு எதையும் கேட்காமல் இருந்தால், வந்ததே வந்தீங்க இதையும் பாருங்க என்று யாரும் சொல்லாமல் இருந்தால். பதினாறு வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்தவருக்கு அது தெரியும். அவர் கை தானாகச் சட்டை மாட்டியிருந்த ஆணியை நோக்கிப் போனது.

"போறதுன்னா போயிட்டு வாங்க" என்றார் அண்ணி. குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "ஆனா சொட்டு மருந்த ஊசி மாதிரி முன்கூட்டியே கோத்து வெச்சுட்டுப் போக முடியாது. பாத்துக்குங்க."

அண்ணன் சட்டையைத் தொட்டபடி நின்றார். போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேஜை மேல் வைத்தார்.

"அண்ணே!" மேஸ்திரியின் குரல் பாதி அழுகை. "நீங்கதானேண்ணே எதையும் அழிக்காதீங்கன்னு சொன்னீங்க. நான் அழிக்கலண்ணே."

"சொன்னேன் மேஸ்திரி. நீங்க பண்ணது சரி. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"எப்ப வர்றீங்க? சார் கேக்கறாரு."

"நான் லீவுல இருக்கேன்."

சொல்லிவிட்டு அவரே அந்த வார்த்தையைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டார். இதற்கு முன் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை.

"தளத்தத் தொறங்க மேஸ்திரி. எடது பக்கம் மூணாவது, 'ரத்து'ன்னு இருக்கும்."

"எனக்கு வராதுண்ணே. ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு அமுக்கி எல்லாப் பில்லும் போயிடுச்சுன்னா?"

"போகாது. பில்லு நம்பரப் பாத்து ஒரு ஒரு எழுத்தா அடிங்க. அவசரமே இல்ல."

அவசரம் இல்லாமல்தான் நடந்தது. முப்பது எழுத்துக்கு மேல் இருக்கிற அந்த எண்ணை மேஸ்திரி இரண்டு தடவை தப்பாக அடித்தார். காரணம் கேட்கும் கட்டத்தில் நான்கு தேர்வுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். "இதுல எதுண்ணே நம்ம காரணம்? இதுல எதுவும் நம்ம காரணம் இல்லையே." அண்ணன் இரண்டாவதைப் போடச் சொன்னார். நடுவில் முதலாளியின் குரல், "என்னங்க, நேர்ல வந்தா ரெண்டு நிமிஷம்" என்றது. அண்ணன், "மேஸ்திரியே முடிச்சிடுவாரு சார்" என்றார். முதலாளி வேறு ஏதோ சொன்னார். அது மேஸ்திரி கீபோர்டைத் தட்டும் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அண்ணனும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

ரகசிய எண் போனுக்கு வந்தது. அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். ஜீரோ, ஏழு, ஒன்று, ஒன்று, ஐந்து, எட்டு.

"ஜீரோவோடதான் அடிச்சேண்ணே" என்றார் மேஸ்திரி, கேட்பதற்கு முன்னாலேயே.

இரண்டு நிமிஷம் கழித்து, "பச்சையா ஏதோ வந்துருக்கு" என்றார்.  நாற்காலியில் யாரோ தொப்பென்று உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

நானும் டிரைவருமாக எட்டு பேசின்களையும் திரும்ப லாரியில் ஏற்றினோம். அண்ணன் உதவிக்கு வந்தார். "நீங்க லீவுல இருக்கீங்க" என்று டிரைவர் விரட்டிவிட்டார். கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். அண்ணன் பஞ்சுத் திண்டுக்கு எதிரே உட்கார்ந்து, கோத்த ஊசிகளிலிருந்து ஒவ்வொன்றாக நூலை உருவிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் செய்கிறாரா, நாளைக்கு மறுபடி கோக்க ஒரு சாக்கா, தெரியாது.

முதலாளியிடம் போய், "அவர் வரல சார்" என்றேன். நான்கு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று இல்லை என்றாலும், மிகக் கடினமானது.

ஐந்தாம் நாள் அண்ணன் வந்தார். மேஸ்திரி பத்து மணிக்கெல்லாம் பில் போட்டு முடித்திருந்தார். அண்ணன் நாற்காலித் திண்டின் மேல் உட்கார்ந்து, செய்ய ஒன்றும் இல்லாமல் இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தார். அது பதினொரு மணி வரைக்கும்தான். "ஷீட்டுதான் நல்லா ஓடுதே, பக்கத்துக் கிளை பில்லையும் நீங்களே பாத்துக்குங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். அறுபது நூற்றுப் பத்தானது. மிச்சமான நேரத்தை அவர் கண்ணால் பார்த்தது ஒரு மணி நேரம்.

அந்த வாரத்திலேயே ஷீட்டில் ரத்து செய்ய ஒரு சிவப்புப் பொத்தான் வந்தது. சாம்பல் வரிசை அங்கேயே இருந்தது. எண்ணிக்கையை மட்டும் முப்பத்தாறிலிருந்து ஒன்றாக மாற்றியிருந்தார்.

"எடுத்துடலாமேண்ணே" என்றார் மேஸ்திரி.

"இருக்கட்டும். மறுபடி வந்தா ஒண்ணு வரட்டும்னு வீட்ல சொல்லிட்டாங்க."

மூன்றாவது மாதம் மறுபடி லீவுக்கு எழுதிக் கொடுத்தார். இந்த முறை 'தயவுசெய்து', 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' எதுவும் இல்லாமல் இரண்டு வரி.

"திரும்பவுமா? போன தடவதானே கண்ணுக்குன்னு எடுத்தீங்க?" என்றார் முதலாளி.

"அது வலது கண்ணு சார். இது எடது."

முதலாளி தாளை வாங்கி, காகிதம் பறக்காமல் வைக்கும் எடைக்கல்லின் கீழ் வைத்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. அண்ணன் போய்க் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அது அவர் மேஜைக்குத் திரும்பி வந்தது. கையெழுத்து இருந்தது. நான்கு என்பதை அடித்து மூன்று என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினார். பிறகு ஷீட்டைத் திறந்து, யார் எந்த நாள் பில் போடுவது என்று குறிக்கும் பக்கத்துக்குப் போய், மேஸ்திரியின் பெயரை நிரப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே இறங்கி நான்காவது நாளிலும் நிரப்பினார்.

மேஸ்திரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நாலுல ஒண்ணத் தப்பாப் போட்டுட்டீங்கபோல" என்றார், வெளியே கேட்காத குரலில்.

"தப்புன்னா அழிச்சிடுங்க மேஸ்திரி."

"நான் எதையும் அழிக்க மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி குடோனுக்குப் போய்விட்டார்.

அண்ணன் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார். ஃபைல் உள்ளே வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் காலையில் எத்தனை ஊசி என்று கேட்டேன். கேட்டதில் எனக்கே ஆச்சரியம்.

"எட்டு" என்றார். "மீதிய அவளே கோத்துக்கறா. ஒரு கண்ணுக்கு எட்டு போதும்னுட்டா."